பழைய தென்னாற்காடு மாவட்டத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். பேத்தியின் பாடப்புத்தக வரைபடத்தில் அந்தப் பெயரே இருக்காது. “அந்த மாவட்டம் எங்க போச்சு?” என்று குழந்தை கேட்டால், “அதைப் பிரிச்சிட்டாங்க” என்ற ஒரே பதிலோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. எதைப் பிரித்தார்கள், ஏன் பிரித்தார்கள், பிரித்தபின் அங்கிருந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லிக்கொடுக்க ஒரு சார்ட் பேப்பரும் மூன்று மதிய நேரங்களும் போதும். 8 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து இந்த முறையை எழுதியிருக்கிறோம். வீட்டிலும் செய்யலாம், வகுப்பிலும் செய்யலாம்.

வரிசை முக்கியம். முதலில் ஊர்களுக்குப் புள்ளி மட்டும் வையுங்கள், அடுத்து ஆறுகளை வரையுங்கள், பிறகு ஊர்ப் பெயர்களை எழுதுங்கள், மாவட்டக் கோட்டைக் கடைசியில் போடுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாக, எல்லைக் கோட்டில் ஆரம்பிக்கிறார்கள். அப்போது குழந்தை கோட்டைத்தான் நிலம் என்று நினைத்துக்கொள்கிறது. கோடு மாறியது என்றதும் ஊரே இடம் மாறிவிட்டதாகக் குழம்புகிறது.

சொல்லிக்கொடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் தென்பகுதிதான் தென்னாற்காடு மாவட்டம் ஆனது. தலைநகரம் கடலூர். ஆற்காடு என்ற ஊரோ இந்த மாவட்டத்துக்குள் இல்லை. அது வடக்கே, இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. “ஆற்காடே இல்லாத மாவட்டத்துக்கு ஆற்காடுன்னு ஏன் பேரு?” என்று ஒரு குழந்தையாவது கேட்கும். நவாபின் தலைநகர் ஆற்காடு, அந்த ஆட்சிப் பகுதியின் தென்பாதி இது என்று சொன்னால் போதும்.

1993 செப்டம்பர் 30 அன்று இந்த மாவட்டம் இரண்டானது. ஒரு பாதிக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர், தலைநகர் கடலூர். மறுபாதி விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-இல் தமிழகம் முழுவதும் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது இவை கடலூர் மாவட்டம், விழுப்புரம் மாவட்டம் என்று ஆயின. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது. ஆகப் பழைய ஒரு மாவட்டம் இப்போது மூன்று. மூன்றையும் சேர்த்தால் பரப்பு சுமார் 10,900 சதுர கிலோமீட்டர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1993-க்கும் 1997-க்கும் இடையில் வாங்கிய சான்றிதழில் ‘தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்’ என்று இருக்கும். குழந்தைகள் அதை முழுத் தென்னாற்காடு என்று எடுத்துக்கொள்வார்கள். அது பாதிதான். வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களை எடுத்து, தேதியைப் பார்த்து, எந்தக் காலத்து மாவட்டம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதுவானாலும் சரி. அசல் காகிதத்தைக் குழந்தை கையில் கொடுக்காமல் நகல் எடுத்துக் கொடுங்கள்.

வரைபடம் போடும் முறை

தேவையானவை: 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம் உள்ள முழு சார்ட் பேப்பர் ஒன்று, நீள அளவுகோல், பென்சில், நீலம் பச்சை ஸ்கெட்ச் பேனாக்கள், ஒரு மீட்டர் நூல், ஒளி ஊடுருவும் டிரேசிங் பேப்பர் மூன்று. அளவு 1 செ.மீ.க்கு 3 கிலோமீட்டர். இதைவிடச் சிறிதாகப் போட்டால் பண்ருட்டியும் கடலூரும் ஒட்டிக்கொள்ளும். பெரிதாகப் போட்டால் கல்வராயன் மலை தாளுக்கு வெளியே போய்விடும்.

தாளை நிமிர்த்தி வைத்து, இடது ஓரத்திலிருந்து 34 செ.மீ., மேல் ஓரத்திலிருந்து 25 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அது விழுப்புரம். மற்ற எல்லா ஊரையும் இந்தப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு.

முதலில் கடற்கரை. விழுப்புரத்திலிருந்து கிழக்கே 17, வடக்கே 9.5 என்ற இடத்தில் ஒரு சிறு குறி வையுங்கள். அது மரக்காணம் பக்கத்துக் கடற்கரை. அடுத்த குறி நேர் கிழக்கே 12.5, அது புதுச்சேரிக் கடற்கரை. மூன்றாவது கிழக்கே 11, தெற்கே 7, அது கடலூர். நான்காவது கிழக்கே 10.5, தெற்கே 16.5, அது பரங்கிப்பேட்டை. கடைசியாகக் கிழக்கே 12.5, தெற்கே 21, அது கொள்ளிடம் கடலில் சேரும் இடம். ஐந்தையும் கையால் வளைத்து இணையுங்கள். ஸ்கேல் வைத்து இணைத்தால் கரை மதில் சுவர் மாதிரி தெரியும்.

இனி ஊர்கள், பென்சிலில் மட்டும். எல்லா எண்ணும் செ.மீ., எல்லாம் ஏறத்தாழ:

திண்டிவனம்: வடக்கே 10.5, கிழக்கே 6.
செஞ்சி: வடக்கே 11.5, மேற்கே 3.
மரக்காணம்: வடக்கே 9.5, கிழக்கே 16.5.
திருக்கோவிலூர்: வடக்கே 1, மேற்கே 10.5.
சங்கராபுரம்: தெற்கே 2, மேற்கே 21.
கள்ளக்குறிச்சி: தெற்கே 7, மேற்கே 19.
சின்னசேலம்: தெற்கே 11, மேற்கே 22.5.
உளுந்தூர்பேட்டை: தெற்கே 9, மேற்கே 7.
பண்ருட்டி: தெற்கே 6, கிழக்கே 2.
கடலூர்: தெற்கே 7, கிழக்கே 10.
விருத்தாசலம்: தெற்கே 15.5, மேற்கே 6.
நெய்வேலி: நேர் தெற்கே 14.5.
வடலூர்: தெற்கே 14, கிழக்கே 2.5.
பரங்கிப்பேட்டை: தெற்கே 16.5, கிழக்கே 10.
சிதம்பரம்: தெற்கே 20, கிழக்கே 7.
காட்டுமன்னார்கோயில்: தெற்கே 24, கிழக்கே 2.

வழக்கமாக நடக்கும் தவறு, வடக்கு தெற்கைச் சரியாக அளந்துவிட்டுக் கிழக்கு மேற்கில் மாறிப்போவது. கள்ளக்குறிச்சி கடலுக்குள் போய் விழுந்தால் அதுதான் காரணம். ஒரு குழந்தை எண்ணைப் படிக்க, இன்னொரு குழந்தை விரலால் திசையைக் காட்ட, மூன்றாவது குழந்தை அளந்து புள்ளி வைக்கட்டும். பிழை பாதியாகக் குறையும்.

ஆறுகள்

புள்ளிகள் வைத்ததும் பெயர் எழுத ஓடுவார்கள். நிறுத்துங்கள். முதலில் ஆறு வரட்டும்.

தாளின் மேற்கு ஓரத்தில், சங்கராபுரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடப்பக்கம் மேடு மேடாகக் கல்வராயன் மலையைப் பச்சையில் வரையுங்கள். செஞ்சியைச் சுற்றிச் சிறு குன்றுகள். பிறகு கேளுங்கள்: “மேற்கே மலை, கிழக்கே கடல். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?” பதில் தானாக வரும். இந்த மாவட்டத்து ஆறுகள் எல்லாமே கிழக்கு நோக்கி ஓடுபவை என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வருகிறது. திருக்கோவிலூருக்குச் சற்று மேலே, விழுப்புரத்துக்கு 2 செ.மீ. கீழே, கடலூருக்கு வடக்கே கடல் என்று வரையுங்கள். கெடிலம் பண்ருட்டியைத் தொட்டுக்கொண்டு கடலூர் நகரத்துக்குள்ளேயே ஓடும். மஞ்சக்குப்பம் ஒரு கரை, திருப்பாதிரிப்புலியூர் மறு கரை. மணிமுத்தாறு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விருத்தாசலத்தின் வழியே வந்து வெள்ளாற்றில் சேரும். வெள்ளாறு தென்மேற்கிலிருந்து விருத்தாசலத்துக்கு 4 செ.மீ. கீழே வந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும். காட்டுமன்னார்கோயிலுக்கு 3 செ.மீ. கீழே கொள்ளிடம். பழைய மாவட்டத்தின் தெற்கு எல்லையே அதுதான். செஞ்சிப் பக்கத்திலிருந்து தென்கிழக்காக இறங்கிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் ஆற்றைச் சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து வடக்கு நோக்கி 5 செ.மீ. நீளத்துக்கு ஒல்லியாக ஒரு நீலப் பட்டை வரையுங்கள். அது வீராணம் ஏரி. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக இதற்கு வருகிறது. இங்கிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் போகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய ஏரியின் தண்ணீர் இன்று இன்னொரு ஊரின் குழாயில் வருகிறது என்பது குழந்தைகளை உலுக்கும் செய்தி. அவசரப்படாமல் சொல்லுங்கள்.

மாவட்டக் கோடு எப்படிப் பிறக்கிறது: பந்து விளையாட்டு

எல்லை என்றால் என்ன என்று விளக்கக் கடலூரை விட நல்ல ஊர் கிடையாது. 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் பேரத்தில் உண்டு. எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு. அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரில் குண்டு சாலை என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

இதை மைதானத்தில் செய்து பாருங்கள். நடுவில் ஒரு செங்கல், அதுதான் கோட்டை. எட்டுக் குழந்தைகள் செங்கல்லைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து நின்று, ஆளுக்கு ஒரு டென்னிஸ் பந்தைத் தன் பலம் கொண்டமட்டும் எறியட்டும். பந்து முதலில் தரையில் பட்ட இடத்தில் சுண்ணாம்புத் தூளால் குறி போடுங்கள். உருண்டு நின்ற இடத்தில் போட்டால் விளையாட்டு கெடும். சரிவு உள்ள பக்கமெல்லாம் எல்லை நீண்டுவிடும். எட்டுக் குறிகளையும் இணைத்தால் கோணல் மாணலாக ஒரு எல்லை வரும். உள்ளே என்னென்ன மாட்டிக்கொண்டன, எந்த மரம் உள்ளே, எந்தக் குழாய் வெளியே என்று பார்க்கச் சொல்லுங்கள். “இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துற குழாய் வேற நாட்டுக்குப் போயிடுச்சே, என்ன பண்றது?” என்று ஒரு குழந்தை கேட்கும்போது பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லை மனிதர்கள் போடுவது. அதனால் மனிதர்களால் மாற்றவும் முடிகிறது.

ஏன் பிரித்தார்கள்: நூலால் அளப்பது

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். நூலின் ஒரு முனையைக் கள்ளக்குறிச்சியிலும் மறுமுனையைக் கடலூரிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூலை அளந்தால் 29 செ.மீ. வரும். மூன்றால் பெருக்கினால் 87 கிலோமீட்டர். இது காக்கை பறக்கும் தூரம். பஸ்ஸில் 100 கிலோமீட்டருக்கு மேல். 1993 வரை கள்ளக்குறிச்சிக்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும். சின்னசேலத்துக்காரருக்கு இன்னும் தூரம். கல்வராயன் மலையில் இருப்பவர் முதலில் மலையிறங்கியே வர வேண்டும்.

அடுத்து நூலை விழுப்புரத்துக்கு மாற்றுங்கள். சுமார் 20 செ.மீ., அதாவது 60 கிலோமீட்டர். 1993-க்குப் பிந்தைய தூரம் இது. 2019-க்குப் பிறகு நூலே வேண்டாம், கலெக்டர் அலுவலகம் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. மூன்று எண்களையும் தாளின் அடியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நிர்வாக வசதிக்காகப் பிரித்தார்கள் என்ற வாக்கியத்தைப் பத்து முறை சொன்னாலும் ஏறாதது இந்த மூன்று எண்ணில் ஏறிவிடும்.

பிறகு டிரேசிங் பேப்பர். முதல் தாளை வரைபடத்தின் மேல் வைத்து எல்லா ஊரையும் சுற்றி ஒரே கோடு போடுங்கள். மூலையில் ‘1993 வரை’ என்று எழுதுங்கள். இரண்டாவது தாளில் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், விருத்தாசலம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் ஒரு கூட்டம். மற்றவை விழுப்புரத்தோடு. மூன்றாவது தாளில் அந்த விழுப்புரக் கூட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் தனியே. தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுக்கும்போது கோடு மாறும். கீழே ஆறும் ஊரும் அப்படியே இருக்கும். எல்லைக் கோட்டை வளைவு நெளிவு சுத்தமாகப் போட முயலாதீர்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது சரியாக இருந்தால் போதும், வளைவுக்கு அரசு வரைபடம் இருக்கிறது.

இரண்டு இடங்களில் கட்டாயம் இடறுவார்கள். ஒன்று புதுச்சேரி. அது விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் கடலோரம் இருந்தாலும் தென்னாற்காட்டோடு சேர்த்து வரையக் கூடாது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்டார்கள். இப்போது தனி யூனியன் பிரதேசம். அது ஒரே துண்டாகவும் இல்லை, தமிழ்நாட்டு நிலத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போனால் எல்லைப் பலகைகள் மாறி மாறி வரும். வரைபடத்தில் வேறு நிறம் அடித்துவிடுங்கள். இன்னொன்று திருவண்ணாமலை. 1906-இல் வந்த தென்னாற்காடு மாவட்டக் கையேட்டில் திருவண்ணாமலையும் ஒரு தாலுகாவாக இருக்கிறது. பிறகுதான் அது வடஆற்காட்டுக்குப் போனது. பழைய புத்தகம் வைத்திருக்கும் தாத்தா “திருவண்ணாமலை நம்ம மாவட்டம்தான்” என்று சொன்னால் அவர் சொல்வதும் தவறில்லை, அவர் பார்க்கும் ஆண்டு வேறு.

ஊர்களை அறிமுகம் செய்வது

ஊருக்கு ஒரு கேள்வி என்று வையுங்கள். ஐந்து செய்திகளை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் தங்காது. கேள்வி குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும்.

மரக்காணத்துக்கு: கடல் தண்ணீரிலிருந்து உப்பு எப்படி வருகிறது? இதைச் செய்தே காட்டலாம். 200 மில்லி தண்ணீரில் 7 கிராம் கல் உப்பைக் கரையுங்கள்; கடல்நீரின் உப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். அதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பங்கை அகலமான கறுப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றுங்கள், மறு பங்கை டம்ளரிலேயே விடுங்கள். இரண்டையும் மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். நல்ல வெயில் அடித்தால் தட்டில் இரண்டு மூன்று நாளில் சதுரம் சதுரமாக உப்புப் பரல் தெரியும். டம்ளரில் தண்ணீர் லேசாகத்தான் குறைந்திருக்கும். உப்பளப் பாத்திகள் ஏன் பரந்து, ஆழமில்லாமல் இருக்கின்றன என்பதற்கு இதுதான் விடை. மழை வந்தால் தட்டு பழையபடி தண்ணீராகிவிடும். உப்பளத்திலும் அதேதான், அதனால்தான் மழைக்காலத்தில் அங்கே வேலை இல்லை. மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கழுவெளி ஏரி. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம், 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பண்ருட்டி என்றால் பலாவும் முந்திரியும். முந்திரிக் கொட்டை பழத்துக்கு உள்ளே இல்லை, வெளியே தொங்குகிறது. அதைப் படம் வரைந்து காட்டினால் நகரத்துப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். பச்சைக் கொட்டையை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்; அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். முந்திரிப் பருப்பு கொடுப்பதானாலும் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பலாப்பழம் கிடைத்தால் கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் தடவி நறுக்குங்கள், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கை கழுவ வேண்டியிருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது இந்தப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரம் மறுபடி காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. 1956-இல் அரசு நிறுவனம் தொடங்கி வெட்டி எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். குழந்தைகளுக்குச் சுவாரசியமான பகுதி தண்ணீர்: நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. அதை ஓயாமல் இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். சுரங்கத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டுக்கொடுத்த கிராமங்களைப் பற்றியும் சொல்லுங்கள். மின்விளக்கை மட்டும் காட்டிவிட்டு அதை விட்டால் பாடம் பாதிதான்.

வடலூருக்கு வள்ளலார். பசித்தவர் யார் வந்தாலும் சோறு என்று 1867-இல் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. 1872-இல் சத்திய ஞான சபை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த ஊர் விளங்கும்.

விழுப்புரத்தை ரயிலால் சொல்லுங்கள். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. ஐந்து நூல் துண்டுகளை ஒட்டினாலே ஊர் மனதில் நிற்கும். விருத்தாசலம் பீங்கான் பொருளுக்கும் பழமலைநாதர் கோயிலுக்கும் பேர் பெற்றது. பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து வணிகம் செய்தார்கள். 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த பெரும் போர் இங்கேதான்.

நேரில் கூட்டிப்போவதானால்

மூன்று மாவட்டத்தையும் ஒரே நாளில் காட்ட நினைக்காதீர்கள். வண்டியில் தூங்கியதுதான் மிஞ்சும். இரண்டு தனித்தனி நாள்கள் வையுங்கள்.

வடக்கு நாள்: செஞ்சி, மண்டகப்பட்டு, திருவக்கரை. காலை 8 மணிக்கே செஞ்சியில் இருக்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது இந்தக் கோட்டை. 1677-இல் சிவாஜி பிடித்தார். 1698-இல் மொகலாயர் கைக்குப் போனது. 1714-இல் இங்கே போரிட்டு இறந்த தேசிங்கு ராஜாவின் கதை தெருக்கூத்தில் இன்றும் வாழ்கிறது. 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்தது. ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், நடுவில் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே வர முடியாது என்பதைப் பாலத்தில் நின்றே குழந்தைகள் புரிந்துகொள்வார்கள். 10 வயதுக்குக் கீழே இருந்தால் அடிவாரத்தில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் காட்டினால் போதும். ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், தொப்பி வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டு நடக்கக் கூடாது, குரங்கு பிடுங்கும்.

மண்டகப்பட்டு சிறிய குடைவரை, அரை மணி நேரம் போதும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்ததாகப் பல்லவன் மகேந்திரவர்மன் இங்கே கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். உள்ளே போகும் முன் “இந்த நாலும் இல்லாம ஒரு வீடு கட்டு பாப்போம்” என்று கேட்டுவிட்டுப் போங்கள். திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. தொட்டுப் பார்க்கலாம், ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

தெற்கு நாள்: வடலூர், சிதம்பரம், பிச்சாவரம், முடிந்தால் வீராணம் கரை. சிதம்பரம் நடராசர் கோயில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், அதனால் அதைக் காலையில் முடித்துவிடுங்கள். பிச்சாவரத்தில் சதுப்புநிலக் காட்டுக்குள் துடுப்புப் படகு போகும். நண்பகல் வெயில் கொடுமை; மாலை 3 மணிக்கு மேல் படகேறுவது நல்லது. உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் மாட்டியபிறகே படகு நகர வேண்டும், அளவு பெரிதாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள். படகுக்குள் வேர்களை இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கிளையிலிருந்து கால் ஊன்றி இறங்குவது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் அந்த வேர் மூச்சுவிட மேலே வருகிறது. படகோட்டியிடம் கேட்டால் இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டுவார்.

இரண்டு நாளும் வரைபடத்தைச் சுருட்டி ஒரு குழாயில் போட்டு எடுத்துப்போங்கள். ஒவ்வோர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதும் பெயர்ப் பலகையைப் படித்து, தாளில் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போடும் பொறுப்பை ஒரு குழந்தையிடம் கொடுங்கள். இரவு வீடு திரும்பியதும், பென்சிலில் எழுதிய ஊர்ப் பெயர்களில் தாங்கள் பார்த்தவற்றை மட்டும் மையில் எழுதட்டும்.